எட்டுக் கரு இருந்தால் பறக்குமா?

2021ஆம் ஆண்டு, பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில், எங்கள் வீட்டுக்கு ஒரு புதிய கைத்தொலைபேசி வந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் அது ஒன்றுதான். வாப்பா கடையில் கேட்டது ஒரேயொரு கேள்வி: "பிள்ளைகள் சூம்ல படிக்க இது காணுமா?" கடைக்காரர் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த இரண்டு சொற்களை விரலால் தட்டிக் காட்டினார். "ஒக்டா கோர், ஹாஜியார். உள்ளுக்கு எட்டு மூளை. பறக்கும்."

பறக்கவில்லை. நான் அப்போது எட்டாம் தரம். வகுப்புக்குள் நுழைவதற்கே நிமிடக்கணக்காகும். ஒலிவாங்கியைத் திறந்து "ஆஜர் டீச்சர்" என்று சொல்வதற்குள் இடாப்பு அடுத்த மூன்று பெயர்களைத் தாண்டிவிடும். தவணை முடிவில் வந்த அறிக்கையில் நான் சமுகம் தராத நாட்களைப் பார்த்து உம்மா கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "போனைக் கையில வெச்சிக்கொண்டு நீ என்ன செய்து கொண்டிருந்த?" எட்டு மூளையுள்ள கருவி ஒருபோதும் பிழைவிடாது என்று எல்லோரும் நம்பிய வீட்டில், பிழை பிள்ளையுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த இரண்டு சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்று தேடினேன். தேடியதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உருவாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒரு கருவியை விற்பதற்காகக் கருக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது வேறு, அதை வாங்குகிறவர் செய்யும் வேலைக்காக முறைவழியாக்கியை வடிவமைப்பது வேறு. விலை குறைந்த கருவிகளில் நீண்ட காலம் முதலாவதுதான் நடந்தது. அதன் செலவை, அதிகம் விசாரிக்கத் தெரியாத வீடுகள் கொடுத்தன.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் 'முறைவழியாக்கி' என்று படிக்கிறோம். கடையில் அந்தச் சொல்லைச் சொன்னால் சிரிப்பார்கள், புரோசசர் என்றால்தான் புரியும். அந்தப் புரோசசருக்குள் கட்டளைகளை எடுத்து நிறைவேற்றும் தனி அலகு ஒன்றைத்தான் 'கோர்' என்கிறார்கள். நான் இங்கே 'கரு' என்றே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் கரு என்ற பேச்சே இல்லை, எல்லாச் சில்லிலும் இருந்தது ஒன்றுதான். 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற முதலாவது வணிக நுண்முறைவழியாக்கியில் ஏறத்தாழ 2300 திரான்சிற்றர்கள் இருந்தன. அதன் பின் முப்பது ஆண்டுகளாக வடிவமைப்பாளர்கள் பிடித்து வந்த வழி எளிதானது: திரான்சிற்றரைச் சிறிதாக்கு, மீடிறனைக் கூட்டு. விளம்பரங்களும் அதையே விற்றன. 2000ஆம் ஆண்டின் இறுதியில் பென்டியம் 4 வந்தபோது அதன் மீடிறன் 1.5 கிகாஹேர்ட்ஸ். நான்கு ஆண்டுகளில் அது 3.8 ஆனது. அந்த வடிவமைப்பு 10 வரை போகும் என்று அந்நாளில் பேசப்பட்டது. ஆனால் 2004 ஒக்டோபரில், 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியத்தை வெளியிடப் போவதில்லை என்று இன்டெல் அறிவித்துவிட்டது. 3.8 சில்லே 115 வாற்று வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருந்தது. பழைய 100 வாற்று மின்குமிழில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். அந்தக் குமிழையும் விடக் கூடுதலான வெப்பம், விரல்நகமளவு சிலிக்கன் துண்டிலிருந்து!

இதற்குக் காரணம் எங்கள் பௌதிகவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. கொள்ளளவியை மின்னேற்றும்போது சேமிக்கப்படும் சக்திக்கான கோவையை மனனம் செய்யாத உயர்தர மாணவி இல்லை. கொள்ளளவத்தை வோல்ற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி அதில் அரைவாசி. அதேயளவு இன்னொரு பங்கு மின்னேற்றும்போதே தடையில் வெப்பமாகப் போய்விடுகிறது. சேமித்த பங்கும் மின்னிறக்கும்போது வெப்பமாகிறது. சில்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு திரான்சிற்றரின் வாயிலும் ஒரு சின்னஞ்சிறு கொள்ளளவிதான். அது செக்கனுக்குப் பல நூறு கோடி தடவை ஏறி இறங்குகிறது. ஆகவே வலு என்பது கொள்ளளவம், வோல்ற்றளவின் வர்க்கம், மீடிறன் ஆகிய மூன்றின் பெருக்கத்தைப் பின்பற்றிப் போகிறது. மீடிறனைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் வோல்ற்றளவையும் கூட்ட வேண்டும். அப்போது வலு ஏறத்தாழ மீடிறனின் கனமாக ஏறுகிறது. திரான்சிற்றர் சிறிதாகும்போதெல்லாம் வோல்ற்றளவையும் குறைத்துக்கொண்டே போகலாம் என்ற வசதி 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் நின்றுபோனது. மீடிறன் முட்டுக்கட்டையில் நின்றது அதனால்தான்.

இங்கேதான் பல கருக்கள் நியாயமாக உள்ளே வருகின்றன. இதை நான் மறுக்க வரவில்லை, கணக்கே அழகாக இருக்கிறது. ஒரு கருவின் மீடிறனையும் வோல்ற்றளவையும் 20 சதவீதம் குறைப்போம். வலு 0.8இன் கனமாகிறது, அதாவது 0.512. ஏறத்தாழப் பாதி. ஆகவே பழைய ஒரு கருவின் வலுவிலேயே இப்போது இரண்டு கருக்களை ஓட்டலாம். இரண்டும் சேர்ந்து செய்யக்கூடிய வேலையோ பழையதன் 1.6 மடங்கு. வெப்பம் கூடவில்லை, வேலை கூடியது. 2001இல் ஐபிஎம் தன் பவர்4 சில்லில் இரண்டு கருக்களை வைத்தது. 2005இல் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரண்டும் வீட்டுக் கணினிகளுக்கு இரட்டைக் கரு முறைவழியாக்கிகளைக் கொண்டுவந்தன. இரண்டு நல்லதென்றால் நான்கு இன்னும் நல்லது, எட்டு அதைவிட நல்லது என்று நினைப்பது மனித இயல்பு. வாப்பாவும் அப்படித்தான் சொன்னார்: "எட்டெண்டா நல்லம்தானே மகள்."

இந்த நினைப்பு எங்கே பிழைக்கிறது என்பதற்கு எங்கள் குசினியே போதும். பெருநாளைக்கு முந்திய இரவு வட்டிலப்பம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனியாகச் செய்தால் 100 நிமிடம். அதில் 60 நிமிடம் தேங்காய் துருவுவது, கருப்பட்டி சீவுவது, முட்டை அடிப்பது போன்ற வேலைகள். பங்குபோடலாம். மீதி 40 நிமிடம் அவிப்பது. இரண்டு பேர் சேர்ந்தால் 70 நிமிடத்தில் முடியும். நான்கு பேரென்றால் 55. எட்டுப் பேரென்றால் நாற்பத்தேழரை. குடும்பம் முழுவதும் வந்து குசினியில் நின்றாலும் 40 நிமிடத்துக்குக் கீழே ஒரு நிமிடமும் குறையாது, ஏனென்றால் எட்டுப் பேர் சுற்றி நின்று பார்ப்பதால் ஆவி வேகமாக எழும்புவதில்லை. நான்கிலிருந்து எட்டுக்குப் போகும்போது ஆட்களை இரட்டிப்பாக்கி நாம் பெற்றது ஏழரை நிமிடம் மட்டுமே. 1967இல் ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் முன்வைத்த வாதமும் இதுதான். அம்டாலின் விதி என்று இன்று அதைப் படிப்பிக்கிறார்கள். ஒரு வேலையில் பிரிக்க முடியாத பகுதி ஐந்தில் ஒன்று என்றால், எத்தனை ஆயிரம் கருக்களைப் பூட்டினாலும் வேகம் ஐந்து மடங்கைத் தாண்டாது.

குசினியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கறிக்கு உப்புப் போட்டாயிற்றா என்று ஒருவர் மற்றவரைக் கேட்காமல் இருவரும் போட்டுவிட்டால் அன்றைய சாப்பாடு முடிந்தது. ஒவ்வொரு கருவுக்கும் தன்னருகே பதுக்கு நினைவகம் ஒன்று உண்டு. பிரதான நினைவகத்துக்குப் போய்வர நூற்றுக்கணக்கான கடிகாரத் துடிப்புகள் ஆகும், பக்கத்திலுள்ள பதுக்கு நினைவகத்துக்கு நான்கைந்து துடிப்பு போதும் என்பதால் அது இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் ஒரே தரவின் பிரதி இரண்டு கருக்களிடம் இருக்கும்போது ஒன்று அதை மாற்றினால் மற்றது பழையதை வைத்து வேலைசெய்யக் கூடாது. ஆகவே "நான் இதை மாற்றப் போகிறேன், உன்னுடையதை அழித்துவிடு" என்று கருக்கள் ஓயாமல் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. கருக்கள் கூடக்கூட இந்தப் பேச்சும் கூடுகிறது, பேச்சுக்கும் மின் செலவாகிறது. பல கரு முறைவழியாக்கியை வடிவமைப்பதில் கடினமான பகுதி கருக்களைப் பெருக்குவதல்ல. ஒன்றை வரைந்துவிட்டால் அதை எட்டுத் தடவை பதிக்கலாம். இந்தப் பேச்சை ஒழுங்குபடுத்துவதும், எல்லாக் கருக்களும் ஒரே நினைவக வாசலில் நெருக்கியடிக்காமல் பார்ப்பதுமே கடினமானது. பெட்டியின் பின்பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் அச்சிடுவதில்லை.

கருக்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதும் அங்கே அச்சிடப்படுவதில்லை. பரீட்சை மண்டபத்தில் இரண்டு மாணவிகளை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி நான்காம் வினாவில் முட்டிக்கொண்டால் அது முடியும்வரை ஐந்தாம் வினாவைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். மற்றவள் நான்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஐந்து, ஆறு, ஒன்பது என்று செய்யக்கூடியவற்றை எல்லாம் செய்துவிட்டுத் திரும்பி வருவாள். கடந்தகால வினாத்தாள்களைப் பார்த்து எது வரும் என்று முன்கூட்டியே ஊகித்தும் வைத்திருப்பாள். சிறிய கரு முதலாமவளைப் போன்றது, கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும். பெரிய கரு வரிசையை மாற்றிச் செய்யும், ஊகித்தும் செய்யும். (அந்த ஊகம் சில நேரம் ஆபத்திலும் முடியும். 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுண் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் அப்படி முன்கூட்டியே செய்யும் பழக்கத்தால் வந்தவைதான்.) வேகமானவளுக்குக் கூடுதலான இடமும் மின்னும் தேவை. அதனால்தான் சிறியதும் பெரியதுமாகக் கலந்து வைக்கும் யோசனை பிறந்தது. 2011இல் ஆர்ம் நிறுவனம் அதை அறிவித்தது: வட்ஸ்அப் செய்திக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சிறிய கரு, படத்தைத் திருத்தும்போது பெரிய கரு. நல்ல வடிவமைப்பு என்றால் எனக்கு இதுதான். பயன்படுத்துகிறவரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துப் போட்ட வடிவமைப்பு.

விற்பனையாளர்களின் கையில் அது என்னவாயிற்று? 2013இல் மீடியாடெக் நிறுவனம் எட்டுக் கருக்களும் சிறியவையாகவே உள்ள சில்லொன்றை, 'உண்மையான எட்டுக் கரு' என்ற அடைமொழியோடு அறிவித்தது. அதே ஆண்டு, போட்டி நிறுவனமான குவால்கொமின் உயர் அதிகாரி ஆனந்த் சந்திரசேகர், எட்டுக் கருக்களைக் குவிப்பது முட்டாள்தனம், நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். பொறியியலாகப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் 2014 பெப்ரவரியில் அந்தக் குவால்கொமே எட்டுச் சிறு கருக்கள் கொண்ட ஸ்னப்ட்ராகன் 615ஐ அறிவித்துவிட்டது. சில மாதங்களில் பௌதிகவியல் விதி எதுவும் மாறவில்லை. சந்தை எட்டைக் கேட்டது, கொடுத்தார்கள். மீடியாடெக் பிறகு பத்துக் கரு வரை போய்ப் பார்த்துவிட்டு எட்டுக்கே திரும்பியது.

அதே 2013இல் வெளிவந்த ஐபோன் 5எஸ்ஸின் ஏ7 சில்லில் இருந்தவை இரண்டே கருக்கள், மீடிறனும் 1.3 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே. எண்களை மட்டும் பார்த்தால் நான்கு கருக்களோடு வந்த அக்காலத்து உயர்விலைத் தொலைபேசிகளுக்கு முன்னால் அது தோற்றுப்போயிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கருவும் அகலமானது, ஒரே துடிப்பில் பல கட்டளைகளை எடுத்துச் செய்வது. ஒரு கருவில் நடக்கும் வேலைகளில் அது மற்றவற்றை முந்தியது. 2017இலிருந்து ஐபோன்களில் இருப்பவை இரண்டு பெரியதும் நான்கு சிறியதுமாக ஆறு கருக்கள். விலை கூடிய கருவி ஆறோடு நின்றுகொள்ள, விலை குறைந்த கருவி எட்டு என்று பெருமையடித்தது. பணக்காரருக்கு வேகத்தையும் ஏழைக்கு எண்ணையும் விற்றார்கள் என்று நான் சொன்னால் அது மிகையா?

மிகைதான் என்றார் பெரியும்மாவின் மகன் நானா. பேராதனையில் பொறியியல் படிக்கிறவர், என்னை அவ்வளவு எளிதாக விடமாட்டார். சிறிய கரு என்றால் மட்டமான கரு என்று பொருளல்ல, கோர்டெக்ஸ் ஏ53 போன்ற ஒன்று மிகக் குறைந்த மின்னில் ஓடும்படி கவனமாகச் செய்யப்பட்டது, இடமும் சொற்பம், எட்டு வைத்தாலும் சில்லின் விலை பெரிதாக ஏறாது, அதனால்தான் எங்களைப் போன்றோரின் விலைக்கு ஒரு தொலைபேசி கிடைத்தது என்பது அவருடைய வாதம். இணைய உலாவி இப்போது வேலையைப் பல இழைகளாகப் பிரித்துத்தான் செய்கிறது என்றும் சொன்னார். சரி. ஏ53ஐ நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது 2012இல் அறிவிக்கப்பட்ட வடிவமைப்பு. 2020, 2021இலும் எட்டு ஏ53 கருக்களோடு புதிய மலிவுத் தொலைபேசிகள் கடைக்கு வந்துகொண்டிருந்தன. எட்டு ஆண்டுகளுக்கு முந்திய வடிவமைப்பை விற்பதில் தவறில்லை, அதைப் 'புதிது, எட்டு, பறக்கும்' என்று விற்பதில்தான் தவறு. அதே காலத்தில் இரண்டு பெரிய கருக்களும் ஆறு சிறியவையும் கொண்ட சில்லுகள் மலிவுத் தொலைபேசிகளிலும் வரத் தொடங்கின. அப்படியானால் எங்கள் விலைக்குள்ளும் அது முடிந்த காரியம்தானே நானா என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். இரண்டு பெட்டிகளிலும் அச்சிட்டிருப்பது 'ஒக்டா கோர்' என்றே. வாப்பா எதை வைத்துப் பிரித்தறிவார்?

நானா சொன்ன இன்னொன்றை மட்டும் நான் ஒத்துக்கொண்டேயாக வேண்டும். எங்கள் தொலைபேசி மந்தமானதற்குப் புரோசசர் மட்டும் காரணமல்ல. அதன் நினைவகம் 2 ஜிபி. சூமைத் திறந்தால் வட்ஸ்அப் வெளியே தள்ளப்படும். வட்ஸ்அப்பில் வந்த வினாத்தாளைப் பார்க்கப் போனால் சூம் வெளியே போகும். திரும்ப ஏற்றும்போது மெதுவான சேமிப்பகத்திலிருந்து வர வேண்டும். எட்டுப் பேரும் கரண்டியோடு குசினியில் தயாராக நிற்கிறார்கள், சாமான் வாங்கப் போனவர் இன்னும் கடைத்தெருவில். ஆகவே நான் முதலில் எட்டுக் கருக்களையே முழுமையாகத் திட்டிக்கொண்டிருந்தது சரியல்ல. ஆனால் எட்டுச் சிறிய கருக்களுக்குப் பதிலாக இரண்டு பெரியதும் இரண்டு சிறியதும் வைத்து, மிஞ்சும் காசில் கொஞ்சம் நினைவகத்தைக் கூட்டியிருந்தால் அந்த வகுப்புகளில் நான் இருந்திருப்பேன் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. அப்படிச் செய்தால் பெட்டியில் 'நான்கு' என்று போட வேண்டி வருமே! நான்கை யார் வாங்குவார்?

ஆகவே குற்றம் வாங்குகிற எங்களிலும் இருக்கிறது. நாங்கள் எண்ணைக் கேட்டோம். ஆனால் அந்த எண்ணைக் கேட்கும்படி எங்களைப் பழக்கியவர்கள், அதன் பெறுமதி எவ்வளவு என்று தெரிந்தவர்கள். தெரியாமல் கேட்டவரையும் தெரிந்தே கொடுத்தவரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று சிறு வயதிலிருந்து படித்து வருகிறோம். பெட்டியில் அச்சிடும் எண்ணும் ஓர் அளவைதான்.

வேறு மாதிரியும் வடிவமைக்க முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று மிகப் பழையது. 1980களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அகோர்ன் என்ற சிறிய கணினி நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் ஒரு முறைவழியாக்கியை வடிவமைத்தார்கள். அவர்களுக்கு நிறுவனம் கொடுத்த இரண்டு வசதிகள் பணமின்மையும் ஆளின்மையும்தான் என்று அதன் தலைவர்களில் ஒருவரான ஹேர்மன் ஹவுசர் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விலை கூடிய செராமிக் உறைக்குப் பதிலாக மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டும் என்பதால், வெப்பம் ஒரு வாற்றுக்குள் அடங்க வேண்டும் என்று எல்லை போட்டுக்கொண்டார்கள். 1985 ஏப்ரல் 26ஆம் திகதி முதலாவது சில்லு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 25,000 திரான்சிற்றர்கள். பூட்டியதும் வேலை செய்தது. எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று அம்பியர்மானியைப் பார்த்தால் பூச்சியம் காட்டியது! தேடிப் பார்த்தபோது, வலு வழங்கும் இணைப்பே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. மற்ற கம்பிகளில் வந்த சமிக்ஞைகளிலிருந்து கசிந்த மின்னிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. எல்லை போட்டதோ ஒரு வாற்று, இறுதியில் அது எடுத்ததோ அதன் பத்தில் ஒன்றளவு. அந்த வடிவமைப்பின் வழித்தோன்றல்கள்தான் இன்று எங்கள் எல்லோருடைய தொலைபேசிகளுக்குள்ளும் இருப்பவை. உறைக்குக் காசு மிச்சம் பிடிக்கப் போட்ட எல்லை, முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் உலகின் மின்கலங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

2020இல் அப்பிளின் எம்1 வந்தபோது நான்கு பெரியதும் நான்கு சிறியதுமான அதன் கருக்களைப் பற்றி உலகமே பேசியது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. அந்தச் சில்லோடு வந்த மெல்லிய மடிகணினியொன்றில் விசிறியே இல்லை. நினைவகத்தைச் சில்லின் பக்கத்திலேயே வைத்து, எல்லா அலகுகளும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். சாமான் கடை குசினிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது போல. 2024இல் இன்டெல்லும் தன் மெல்லிய மடிகணினிச் சில்லொன்றில், ஒரு கருவை இரண்டாகக் காட்டும் பழைய உத்தியைக் கைவிட்டு, எட்டே கருக்களோடு நின்று, நினைவகத்தையும் பக்கத்தில் வைத்தது. விலை கூடிய பக்கத்தில் எண்ணைக் குறைக்க வெட்கப்படாத காலம் வந்துவிட்டது. மலிவுப் பக்கத்துக்கு அது வர எவ்வளவு காலம் எடுக்கும் என்பதே என் கவலை.

இதை எழுதுவதை அறிந்த ஒரு தோழி, "சில்லுகளை நாங்கள் செய்வதில்லையே, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்று கேட்டாள். சில்லைச் செய்யும் தொழிற்சாலை எங்களிடம் இல்லைதான். ஆனால் வடிவமைப்பதற்குத் தொழிற்சாலை தேவையில்லை. ஆர்ம் நிறுவனமே தொழிற்சாலை இல்லாமல் வடிவமைப்பை மட்டும் விற்றுத்தான் வளர்ந்தது. 2010இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-5 என்ற கட்டளைத் தொகுதியை யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தித் தங்கள் முறைவழியாக்கியை வரையலாம். பேராதனையிலும் மொறட்டுவையிலும் இதைப் படிக்கத் துறைகள் இருக்கின்றன. இடாப்புக் கூப்பிடும்போது "ஆஜர்" சொல்ல முடியாமல் தவித்த ஒருத்தி வரையும் கரு எப்படியிருக்கும் என்று எனக்கே பார்க்க ஆசை. இசட் புள்ளி ஒத்துழைக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

சென்ற மாதம் தங்கைக்கு ஒரு தொலைபேசி வாங்க அதே கடைத்தெருவுக்குப் போனோம். இம்முறை வாப்பா என்னையும் கூட்டிப்போனார். கடையிலிருந்தவர் பெட்டியைத் திருப்பத் தொடங்கியதுமே நான் கேட்டேன்: "நானா, எட்டில எத்தினை பெரிய கோர்? ரெம் எவ்வளவு? எத்தினை வருசத்துக்கு அப்டேட் வரும்?" அவர் என்னைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், பிறகு தன் தொலைபேசியை எடுத்து அந்தச் சில்லின் பெயரைத் தேடத் தொடங்கினார். அவருக்கும் தெரியவில்லை. யாரும் அவரிடம் இதற்கு முன் கேட்டதில்லையாம். மூவருமாகக் கண்ணாடி மேசைக்கு மேல் குனிந்து அந்தச் சிறிய எழுத்துகளை வாசித்தோம். மூன்றாவது பெட்டியில்தான் இரண்டு பெரிய கருக்கள் கிடைத்தன. முதலாவதைவிடக் கொஞ்சம் விலை கூட. வாப்பா ஒன்றும் பேசாமல் காசை எண்ணிக் கொடுத்தார்.

பழைய தொலைபேசி இப்போது உம்மம்மாவிடம். ஃபஜ்ருக்குப் பின் அதில் கிராஅத் கேட்பார், மாலையில் சவூதியிலிருக்கும் சாச்சா எடுத்தால் பேசுவார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "இது நல்லா வேல செய்யுதே, ஏன் இத குறை சொன்ன நீங்க?" என்று போன வெள்ளிக்கிழமையும் என்னிடம் கேட்டார்.